கொரோனாவை முதலில் பார்த்த ஜூன் அல்மெய்டா

கொரோனா சமயத்தில் டிவியிலும் சுவரிலும் ஒரு உருண்டை படம் போட்டிருந்தாங்களே, சுத்திலும் முள்ளு முள்ளா இருக்குமே, ஞாபகம் இருக்கா? நம்ம குழுக்களில் பல பேர் அப்போ ராத்திரி பகலா முகக்கவசம் தைச்சோம். மனுஷங்களுக்கு வரும் அந்த வைரஸ் வகையை முதன்முதலா படம் பிடிச்சது ஒரு பெண். அதுவும் 16 வயசில் படிப்பை நிறுத்தினவங்க.

ஸ்காட்லாந்து நாட்டில் கிளாஸ்கோ நகரத்தில் 1930 அக்டோபர் 5-ந் தேதி பிறந்தாங்க ஜூன். அப்பா பஸ் டிரைவர். ஜூனுக்கு ஒரு தம்பி இருந்தான். 1940-ல், ஆறு வயசிலேயே தொண்டை அடைப்பான் நோயில் போயிட்டான். அந்த நோயில் தொண்டைக்குள்ள சவ்வு மாதிரி படர்ந்து மூச்சையே அடைச்சிடும். நம்ம பிள்ளைங்களுக்கு ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாசத்தில் நர்ஸம்மா போடுற ஊசியில் இந்த நோய்க்கான மருந்தும் சேர்ந்தே இருக்கு. தொடை வீங்குது, ராத்திரியெல்லாம் அழுவுதுன்னு சில பேர் அடுத்த ஊசிக்குத் தூக்கிட்டுப் போறதில்லை. அந்தத் தம்பியை நினைச்சா எனக்கு அதுதான் ஞாபகம் வருது.

பள்ளிக்கூடத்தில் அறிவியலுக்குப் பரிசு வாங்கின பொண்ணு ஜூன். ஆனா காலேஜ் அனுப்ப வீட்டில் வசதி இல்லை. பத்தாவதோடு நின்ன நமக்கு அந்த வருத்தம் எப்படி இருக்கும்னு தெரியும். அவங்க 1947-ல் கிளாஸ்கோ ஆஸ்பத்திரி ஒண்ணில் லேப் உதவியாளரா சேர்ந்தாங்க. சம்பளம் வாரம் 25 ஷில்லிங். சதைத் துணுக்குகளை மைக்ராஸ்கோப்பில் வைச்சுப் பார்க்கத் தயார் பண்ற வேலை. அப்புறம் லண்டன். 1954-ல் வெனிசுவேலா நாட்டு ஓவியர் என்ரிக்கே அல்மெய்டாவைக் கல்யாணம் பண்ணி, கனடாவுக்குப் போனாங்க. 1960-ல் ஒரு பெண் குழந்தை.

கனடாவில் டொரண்டோ புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தில்தான் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் அவங்க கை தேர்ந்தது. சாதாரண மைக்ராஸ்கோப்பில் இந்த வைரஸ் எல்லாம் தெரியாது. கொரோனா வைரஸை வரிசையா அடுக்கினா ஒரு மில்லிமீட்டருக்குள்ள சுமார் பத்தாயிரம் அடங்கும், அவ்வளவு பொடிசு. அதோட, மைக்ராஸ்கோப்பில் தெரியும் புள்ளி வைரஸா, வேற தூசியான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? இதுக்கு ஜூன் ஒரு வழியை நல்லாப் பழக்கத்துக்குக் கொண்டு வந்தாங்க. ஒரு நோய் வந்து குணமானவங்க ரத்தத்தில் அந்தக் கிருமியை எதிர்க்கும் பொருள் இருக்கும். அதை மாதிரியோட கலந்தா, வெல்லத்தை எறும்பு மொய்க்கிற மாதிரி வைரஸைப் போய்ப் பிடிச்சுக்கும். வைரஸ் எல்லாம் கொத்துக் கொத்தா சேர்ந்து நிக்கும். சுத்தி கருப்பா ஒரு சாயம் விட்டா, சாணி மெழுகின வாசலில் கோலம் மாதிரி வெள்ளையா எடுத்துக் காட்டும்.

லண்டன் டாக்டர் வாட்டர்சன் இந்தத் திறமையைப் பார்த்துட்டு, 1964-ல் அவங்களைத் தன்னோட செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரிக்கு அழைச்சிட்டு வந்தார். அப்போ டேவிட் டிரெல்னு ஒரு டாக்டர் சளிக் காய்ச்சலை ஆராய்ச்சி பண்ணிட்டிருந்தார். பள்ளிக்கூடப் பையன் ஒருத்தன் மூக்கிலிருந்து 1960-ல் எடுத்த மாதிரி அவரிடம் இருந்தது. பி 814-ன்னு அதுக்குப் பேர். அதை மூக்கில் விட்டா சளி பிடிக்குது, ஆனா உள்ளே இருக்கிறது என்னன்னு யாருக்கும் தெரியலை. பெரிசா நம்பிக்கை இல்லாமத்தான் ஜூனுக்கு அனுப்பினார். ஜூன் பார்த்துட்டாங்க. அதுமட்டுமில்லை, கோழிக்கு வரும் ஒரு நோயிலும் எலிக்கு வரும் ஒரு நோயிலும் இதே மாதிரி முன்னாடியே பார்த்திருந்தாங்க. அப்போ எழுதின கட்டுரையை, இது இன்ஃபுளுயன்ஸா வைரஸைச் சரியா எடுக்காத படம்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டாங்களாம்!

இந்தத் தடவை யாரும் மறுக்க முடியலை. 1967-ல் படங்கள் வெளிவந்தது. சுத்திலும் கிரீடம் மாதிரி இருந்ததால, லத்தீன் மொழியில் கிரீடத்துக்கான கொரோனா என்ற சொல்லையே பேரா வைச்சாங்க.

அதே காலத்தில்தான் முதல் கல்யாணம் முறிஞ்சது. குழந்தையை வைச்சுக்கிட்டே வேலையைத் தொடர்ந்தாங்க. கர்ப்பிணிகளுக்கு வந்தா வயித்துப் பிள்ளையைப் பாதிக்கிற ரூபெல்லா வைரஸையும் படம் பிடிச்சாங்க. மஞ்சள் காமாலை பி வைரஸில் உள்பகுதி வேற, வெளி உறை வேறன்னு காட்டினாங்க. பிறந்த 24 மணி நேரத்துக்குள்ள நம்ம குழந்தைக்குப் போடுற காமாலை ஊசி அந்த வெளி உறைப் பொருளை வைச்சுத்தான் தயாராகுது. காலேஜில் ஒரு நாளும் படிக்காமலே, எழுதின கட்டுரைகளுக்காகவே டாக்டர் பட்டம் கிடைச்சது.

பிற்பாடு இந்த வேலையை விட்டு யோகா சொல்லிக் கொடுத்தாங்க. ஆனா 1980-கள் கடைசியில் எச்.ஐ.வி. கிருமியைப் படம் பிடிக்க ஆள் தேவைப்பட்டப்போ, பழைய ஆஸ்பத்திரிக்கே திரும்பி வந்து உதவினாங்க. 2007 டிசம்பர் 1-ந் தேதி, 77 வயசில் காலமானாங்க. அவங்க பேரை உலகம் தேடிப் படிச்சது அதுக்கப்புறம் 13 வருஷம் கழிச்சு, நாமெல்லாம் வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்தப்போதான்.