டோனாவூர் அம்மையார்

பிறந்த மண்ணைப் பிழைப்பின் பொருட்டு நீத்து வேற்றூரில் குடியேறியவர்கள் நாம். ஒக்கலிபுரத்தின் இரயில் பாதைகளுக்கு இடையே வாழும் நம்மை ஒன்றாய்ப் பிணித்து நிற்பது தமிழ் ஒன்றே. அத்தமிழை நாம் தாய்ப்பாலோடு பெற்றோம். கடல் கடந்து வந்து, வருந்திக் கற்று, அதனைத் தம் மொழியாக்கிக் கொண்டோரும் உளர். அத்தகையோருள் ஒருவர் ஏமி கார்மைக்கேல் அம்மையார். அவர் இந்திய வாழ்வைத் தொடங்கியதும் தமிழ் பயிலத் தொடங்கியதும் நம் பெங்களூரிலேதான் என்பதை நம்முள் அறிந்தோர் மிகச் சிலரே. ஆதலின் இவ்வாண்டு மலரில் அவர்தம் வரலாற்றைச் சுருங்க உரைக்க விழைந்தோம்.

அம்மையார் அயர்லாந்தின் வடபாலுள்ள மில்லைல் என்னும் கடற்கரைச் சிற்றூரில், 1867ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 16ஆம் நாள் பிறந்தார். தந்தையார் மாவு ஆலை நடத்தியவர். பிள்ளைகள் எழுவருள் இவரே மூத்தவர். 1885இல் தந்தை இறக்கவே, குடும்பத்தின் செல்வநிலை தளர்ந்தது. பெல்பாஸ்டு நகரின் ஆலைகளில் உழைத்த ஏழைப் பெண்கள் தொப்பி வாங்க வகையின்றித் தலையில் சால்வையைப் போர்த்திக்கொண்டு திரிவர். அவர்களைத் தேவாலயத்திற்குள் அழைத்து வந்தபோது கனவான்கள் முகஞ்சுளித்தனர். இளம் பெண்ணாகிய ஏமி தளரவில்லை. 1889இல் அப்பெண்களுக்கென்றே ஐந்நூறு பேர் அமரக்கூடிய ஓர் இரும்புத் தகடு வேய்ந்த கூடத்தை எழுப்பினார். ஒதுக்கப்பட்டோர் பக்கம் நிற்கும் இயல்பு அன்றே அவரிடம் வேரூன்றிவிட்டது.

1893இல் சப்பான் நாட்டிற்குச் சென்றார். உடல் நலிந்து, இலங்கை வழியாகத் தாயகம் மீண்டார். பின்னர் 1895ஆம் ஆண்டு நவம்பரில் சனானா மிஷன் சங்கத்தின் ஊழியராகப் பெங்களூரில் வந்திறங்கினார். வந்தபோதே கடுங்காய்ச்சல் அவரை வாட்டியது. அப்போது அவருக்கு அகவை இருபத்தேழு. அதன்பின் ஐம்பத்தைந்து ஆண்டுகள் இந்நாட்டிலேயே வாழ்ந்தார். ஒரு முறையேனும் தாயகம் திரும்பினாரல்லர்.

பெங்களூர்த் தண்டில் வெள்ளையர் தமக்குள்ளேயே கூடி வாழ்ந்த வாழ்க்கை அவர் உள்ளத்திற்கு ஒவ்வவில்லை. மக்களோடு மக்களாய் உறைந்தாலன்றி மொழி கைவராது எனக் கண்டார். 1896இன் இறுதியில் திருநெல்வேலிச் சீமைக்குச் சென்று, வாக்கர் என்னும் பாதிரியாரிடம் தமிழ் பயின்றார். சேலை உடுத்தினார். பொன்னம்மாள் முதலான தமிழ்ப் பெண்களோடு மாட்டு வண்டியில் ஊர் ஊராகச் சென்றார். சமயப் பரப்பல் ஒன்றே அன்று அவர்தம் நோக்கமாக இருந்தது. குழந்தைகளைக் காக்கும் பணி அவர் தேடிச் சென்றதன்று. அவரைத் தேடி வந்தது.

1901ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், பண்ணைவிளை என்னும் ஊரில் அது நிகழ்ந்தது. பிரீனா என்னும் ஏழு வயதுச் சிறுமி, கோயிலுக்கு ஒப்புவிக்கப்பட்டவள். அதற்கு முன்னரே ஒரு முறை தப்பி, இருபது மைல் தொலைவிலுள்ள தூத்துக்குடியில் தன் தாயிடம் ஓடியவள். தாயோ அஞ்சி அவளைத் திரும்ப ஒப்படைத்தாள். ஓடியதற்குத் தண்டனையாக அப்பிஞ்சுக் கைகளில் சூடு இட்டனர். இரண்டாம் முறை தப்பி வந்து இருளில் நின்றவளை, அவ்வூர்க் கிறித்தவப் பெண் ஒருத்தி கண்டாள். தன் இல்லத்தில் அன்றிரவு தங்க வைத்து, விடிந்ததும் அம்மையாரிடம் அழைத்து வந்தாள். வந்த குழந்தை நேரே அம்மையாரின் மடியில் ஏறி அமர்ந்தது. அன்று முதல் அவர் அம்மா ஆனார்.

சிறுமி கூறியவற்றைக் கேட்ட அம்மையார், இது ஒருத்தியின் துன்பமன்று என்பதை உணர்ந்தார். உற்றாரை இழந்த குழந்தைகளும், வறுமையால் விற்கப்பட்டோரும் பொட்டுக் கட்டப்படுவதைப் பல நாள் அலைந்து உசாவி அறிந்தார். இங்கே ஒன்றைச் சொல்லுதல் நம் கடன். இசையையும் கூத்தையும் அழியாது காத்துத் தந்த அக்குலத்து மகளிரைப் பழிப்பது எம் கருத்தன்று. பேதைப் பருவத்துக் குழந்தையின் வாழ்வை அதன் இசைவின்றிப் பிறர் முடிவு செய்தமையே கொடுமை. அக்குலத்தில் தோன்றிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும், அக்குலத்துத் தாயின் மகளாகிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாருமே அவ்வழக்கத்தை ஒழிக்கப் பின்னாளில் முன்னின்று போராடினர்.

திருநெல்வேலிச் சீமையில் களக்காட்டை அடுத்த டோனாவூர் குழந்தைகளின் இல்லமாயிற்று. பிரஷிய நாட்டு டோனா என்னும் பிரபு ஈந்த பொருளால் அமைந்தமையின் அவ்வூர் அப்பெயர் பெற்றது. வீடு அமைந்தது, ஆயினும் அல்லல் தீரவில்லை. பச்சிளங் குழந்தைகள் வந்தபோது பாலுக்கும் மருந்துக்கும் வழியில்லை. நோய் பரவிப் பல குழந்தைகள் மாண்டன. மருத்துவமனை உள்ள நெய்யூரில் சில ஆண்டுகள் பொன்னம்மாள் இருந்து மழலைகளை வளர்த்தார். அவர் 1915இல் புற்றுநோயால் இறந்தமை அம்மையாருக்கு ஒரு கை இழந்தது போலாயிற்று. டோனாவூரின் புகழில் பாதி அத்தமிழ்ப் பெண்மணிக்கு உரியது என்பதே எம் துணிபு.

இத்தனை உயிர்களைக் காக்கப் பொருள் எங்ஙனம் வந்தது? யாரிடமும் கையேந்துவதில்லை என்பது அம்மையாரின் உறுதி. அவர் செய்தது ஒன்றே: கண்டதை எழுதினார். தாயகத்துப் பெண்களுக்கு மடல்கள் வரைந்தார். முதலில் அனுப்பிய கையெழுத்துப் படி, துயரம் மிக்கதாய் உள்ளது, இனிய செய்திகளாக மாற்றி எழுதுக என்னும் கருத்தோடு திரும்பி வந்தது. அவர் மாற்ற மறுத்தார். 1903இல் அந்நூல், உள்ளது உள்ளபடி எனப் பொருள்படும் பெயரோடே வெளிவந்தது. மெய்யோ எனச் சிலர் ஐயுற்றனர். பிற ஊழியர்கள் சான்றளித்த பின்னரே ஐயம் நீங்கிற்று. 1909இல் குழந்தைகளின் நிழற்படங்களோடு தாமரை மொட்டுகளைப் பற்றிய பெயருடைய மற்றொரு நூல் வந்தது. கண்காணா நாட்டுக் குழந்தைகளின் முகங்கள் அயர்லாந்து, இங்கிலாந்து இல்லங்களில் அறிமுகமாயின. அங்குள்ள மகளிர் தாமாகவே பொருள் அனுப்பினர். சிலர் பொருளோடு நில்லாது தம்மையே அனுப்பினர். செவிலியர் மேபல் வேட் 1907இல் வந்து சேர்ந்தார். 1913இல் 130 குழந்தைகள் அவ்வில்லத்தில் வளர்ந்தனர். 1918 முதல் ஆண் குழந்தைகளுக்கும் இடம் உண்டாயிற்று. பரம சுக சாலை என்னும் இனிய தமிழ்ப் பெயரோடு மருத்துவமனையும் எழுந்தது.

வழக்குகளும் மிரட்டல்களும் வந்தன. சமயம் மாற்றவே பிள்ளைகளைச் சேர்க்கிறார் என்றனர் சிலர். அவர் குழந்தைகளைத் தம் சமய நெறியிலேயே வளர்த்தார் என்பது மெய். அதனை அவர் ஒளித்தாரல்லர். அந்நெறியை ஏற்பதும் ஏலாமையும் அவரவர் உரிமை. எனினும் சூடுபட்ட கையோடு நள்ளிருளில் நிற்கும் குழந்தைக்கு முதலில் வேண்டுவது ஒரு கதவு திறத்தல் அன்றோ? அக்கதவு அன்று வேறெங்கும் திறக்கவில்லை என்பதை நாம் நாணத்தோடு ஒப்புதல் வேண்டும்.

1919இல் ஆங்கில அரசு அவருக்குக் கெய்சர்-இ-ஹிந்து பதக்கம் வழங்கிற்று. அதனைப் பெற அவர் உள்ளம் கூசிற்று, விழாவிற்கும் சென்றாரல்லர். 1931 அக்டோபர் 24ஆம் நாள் களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்வையிடச் சென்றவர், இருளில் புதிதாக வெட்டிய குழியில் வீழ்ந்து காலும் முதுகும் நலிவுற்றார். அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அறையும் படுக்கையுமே அவர் உலகம். அந்நிலையிலும் எழுதுகோலை அவர் கீழே வைக்கவில்லை. சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கும் சட்டம் 1947இல் நிறைவேறியபோது அவர் உயிரோடு இருந்தார். நம் கருநாடகத்தில் அத்தகைய சட்டம் 1982இல்தான் வந்தது. 1951 சனவரி 18ஆம் நாள் அம்மையார் மறைந்தார். அவர் விருப்பப்படி கல்லறைக் கல் நாட்டப்படவில்லை. பிள்ளைகள் பறவைகள் நீர் அருந்த ஒரு தொட்டியை அங்கு அமைத்து, அம்மா என்னும் ஒரு சொல்லை மட்டும் பொறித்தனர்.

முடிக்குமுன் எம்மைப் பற்றி ஒரு சொல். இரயில்வேயில் எழுத்தராய்ப் பணிபுரிபவர் யாம். பல ஆண்டுகளுக்கு முன், ஒரு நிலையத்தின் நடைமேடை இருக்கையில் எட்டு வயது மதிக்கத்தக்க ஒரு சிறுமி தனியே அமர்ந்திருக்கக் கண்டோம். உற்றார் அருகில் இருப்பர் என எமக்கு யாமே கூறிக்கொண்டு கணக்கு எழுதச் சென்றோம். பணி முடிந்து திரும்புகையிலும் அவள் அங்கேயே இருந்தாள். எம் வண்டி புறப்படும் நேரமாயிற்று, ஏறிவிட்டோம். மறுநாள் அவ்விருக்கை வெறுமையாய் இருந்தது. அவள் தன் வீடு சேர்ந்திருக்கலாம், சேராதும் இருந்திருக்கலாம். அம்மையாரின் வரலாற்றைப் படித்த நாள் முதல் அவ்விருக்கை எம் கண்ணை விட்டு அகலவில்லை. பண்ணைவிளையில் அன்றிரவு அச்சிறுமியின் கையைப் பற்றியவள் பெரும் புகழ் படைத்தவள் அல்லள். அவளும் நம்மைப் போல் ஒரு சாதாரணப் பெண்ணே. அவள் விலகிச் சென்றிருப்பின் டோனாவூர் இல்லை.

இன்று நிலையங்களில் குழந்தைகளைக் காக்கப் பணியாளர் உளர். 1098 என்னும் தொலைபேசி எண்ணும் உண்டு. நடுவே நின்று பார்க்கும் கண்தான் வேண்டும். நாள்தோறும் இரயிலில் செல்லும் நம் சங்கத்து உறுப்பினர் பலர். தனித்து நிற்கும் ஒரு குழந்தையைக் காணின், ஒரு வண்டியைத் தவறவிட்டாலும் தவறில்லை, நின்று வினவுவோமாக. டோனாவூர் அம்மையாருக்கு நம் ஊர்த் தமிழர் செலுத்தும் நன்றி அதுவே ஆகும்.