மதுரையைப் படம்பிடித்த கேப்டன் டிரைப்

மதுரை மாநகரின் பழைய வீடுகளுள் நுழைவோர் முன்கூடத்துச் சுவரில் கண்ணாடிச் சட்டமிட்ட முன்னோர் படங்களைக் கண்டிருப்பர். கறுப்பு வெள்ளையில் எடுத்துப் பெரிதாக்கிய படத்தின்மீது, இதழுக்குச் சிவப்பும் சேலைக் கரைக்குப் பொன்னிறமும் தூரிகையால் தீட்டப்பட்டிருக்கும். ஸ்டூடியோக்களில் ‘டச்சிங்’ என வழங்கிய கைவேலை அதற்கும் முந்தியது. முகத்துக் கருமையையும் சுருக்கத்தையும் பென்சிலாலும் மையாலும் எதிர்ப்படத்திலேயே சீர்செய்துவிடுவர். கருவி கண்டதைக் கை திருத்துவது முறையா என்னும் வினா அன்றும் எழுந்தது, இன்றும் எழுகிறது. இவ்வினாவுக்கு விடை தேடப் புகுவோர், முகங்களை விட்டுச் சற்று விலகி, 1858ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மதுரைக்கு வந்த ஒரு படைத்துறை அதிகாரியின் வாழ்வை அறிதல் நலம். அவர்தாம் கேப்டன் லின்னேயஸ் டிரைப்.

இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்திலுள்ள டெவன்போர்ட்டில் 1822ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் டிரைப் பிறந்தார். உடன்பிறந்தார் பலர் நிறைந்த பெருங்குடும்பம் அது. பதின்பருவம் கடக்குமுன்பே கிழக்கிந்தியக் கும்பினியின் படையில் சேர்ந்து தென்னிந்தியாவுக்கு வந்தார். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் விடுப்பில் தாயகம் சென்றபோதுதான் ஒளிப்படக்கலை அவரை ஆட்கொண்டது. அன்று அக்கலைக்கு வயது பதினைந்துகூட நிரம்பவில்லை. 1853இல் இலண்டனில் தோன்றிய ஒளிப்படக் கழகத்தில் தொடக்கத்திலேயே உறுப்பினரானார். மீண்டும் பெங்களூர் திரும்பியதும் ஹளபேடு, பேலூர்க் கோயில்களைப் படமெடுத்தார். 1855இல் சென்னையில் நிகழ்ந்த கண்காட்சியில் அப்படங்கள் பரிசு பெற்றன.

அவ்வாண்டிலேயே பர்மிய மன்னர் மிண்டோனின் அவைக்குச் சென்ற ஆங்கிலத் தூதுக்குழுவில் டிரைப் ஒளிப்படக்காரராக இடம்பெற்றார். அமரபுரத்தின் அரண்மனைகளும் புத்த விகாரங்களும் அவர் கருவியில் பதிவாயின. இப்பணியின் சிறப்பே 1856இல் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரர் என்னும் பதவியை அவருக்கு ஈட்டித் தந்தது எனலாம். கோயில்களையும் கோட்டைகளையும் அழிவதற்குமுன் பதிவு செய்துவைக்க அரசு விரும்பியது.

1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து மாட்டு வண்டிகளில் பயணம் புறப்பட்டது. வடநாட்டில் விடுதலைக் கிளர்ச்சியின் தீ அணையாத நேரம் அது. திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் எனச் சென்ற அப்பயணத்தில் அவர் பெரிதும் பயன்படுத்தியது கண்ணாடித் தகட்டையன்று, மெழுகேற்றிய தாளையே. வெள்ளி உப்புப் பூசிய அத்தாளை முன்னதாகவே ஆயத்தம் செய்து வைத்துக்கொள்ளலாம். படம் எடுத்தபின் சற்றுத் தாமதித்தும் கழுவி உருவேற்றலாம். வெயிலும் புழுதியும் மிக்க வழிப்பயணத்துக்கு இதனினும் ஏற்றது வேறில்லை. எனினும் இம்முறைக்கு இரு குறைகள் உண்டு. ஒன்று, ஒளி பதிய நெடுநேரம் பிடிக்கும். ஆதலின் அசையும் மனிதர் படத்தில் மங்கி மறைந்துவிடுவர். ஊர் நிறைய மக்கள் இருக்க, படங்களில் வீதிகள் வெறிச்சோடிக் கிடப்பது இதனாலேயாம். மற்றொன்று, நீல நிறம் மிகையாகப் பதிவதால் வானம் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும்.

இந்த இரண்டாம் குறையைப் போக்கவே டிரைப் தூரிகையை எடுத்தார். எதிர்ப்படத் தாளின்மேல் வண்ணம் தீட்டி வானத்தில் மேகங்களை வரைந்தார். உருவிழந்த மர இலைகளுக்கு வடிவு தந்தார். இதனைப் பொய் என்று ஒதுக்குவாரும் உளர். ஆனால் மதுரை வானம் ஒருநாளும் வெறுந்தாளாக இருந்ததில்லை அன்றோ? வேதிப்பொருள் காணத் தவறியதைக் கண் கண்டது. கண் கண்டதைக் கை மீட்டுத் தந்தது. முன்னோர் முகத்தில் பின்னாளில் வண்ணம் தீட்டிய ஸ்டூடியோக் கலைஞர் செய்ததும் இதையே. சுருக்கத்தை நீக்கி இளமையாக்கியதுதான் வேறு கணக்கு.

மதுரையில் அவர் எடுத்த படங்கள் 1858இல் நான்கு பகுதிகளாக வெளிவந்தன. மீனாட்சியம்மன் கோயில், புதுமண்டபம், தெப்பக்குளம், யானைமலை ஆகியன அவற்றுள் அடங்கும். நகரின் கோட்டை மதிலை இடித்து வீதிகளை விரித்த ஆட்சியர் பிளாக்பர்னின் நினைவாக எழுந்த விளக்குத்தூணும் உண்டு. கோயிலின் அணிகலன்களை வரிசையாக வைத்து எடுத்த படம் தனிச்சிறப்பு உடையது. நிறமே இல்லாத படத்தில் மணிகளின் ஒளி தெரிகிறது. ஆயினும் நம் நெஞ்சைத் தைப்பவை திருமலை நாயக்கர் மகாலின் படங்களே. 1866க்குப் பின் ஆளுநர் நேப்பியர் காலத்தில் அம்மகால் செப்பனிடப்பட்டது. அதற்கு முன் அது சிதைந்து கிடந்த கோலத்தை நமக்குக் காட்டுவன இப்படங்கள்.

தமிழ் பயில்வோர் டிரைப்பிற்குக் கடன்பட்டிருப்பது தஞ்சையில்தான். பெரியகோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டு வரிகளைக் கண்ட அவர், கருவியைச் சிறிது சிறிதாக நகர்த்தி ஒரு பக்கம் முழுவதையும் படமெடுத்தார். 21 படங்களை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளச் சுருளாக்கினார். அக்கல்வெட்டுகளை அறிஞர் படித்து அச்சேற்றியது அதற்குப் பல்லாண்டு கழித்தே. மேகத்தை வரையலாம், கல்வெட்டில் ஓர் எழுத்தைத் தூரிகையால் திருத்தினால் வரலாறே பிழைபட்டுவிடும். கை எங்கே நுழையலாம், எங்கே நுழையலாகாது என்பதற்கு இதனினும் தெளிவான எல்லைக்கோடு எனக்குத் தெரியவில்லை.

இத்துணைப் பணியும் நெடுங்காலம் நீடிக்கவில்லை. 1859இல் ஆளுநராகப் பொறுப்பேற்ற சர் சார்லஸ் டிரெவெல்யன், அரசின் நிதிநிலைக்கு ஒளிப்படம் ஒவ்வாத ஆடம்பரம் எனக் கருதி அதனை நிறுத்த ஆணையிட்டார். கிளர்ச்சிக்குப் பின் கருவூலம் வற்றியிருந்தது உண்மையே. ஆயினும் தாளுக்கும் வேதிப்பொருளுக்கும் ஆன செலவைக் கணக்கிட்டவர், இடிந்துகொண்டிருந்த மண்டபங்களைக் கணக்கிடவில்லை. 1860இல் அலுவலகம் மூடப்பட்டது. அதன்பின் டிரைப் படைப்பணிக்கே திரும்பினார். மீண்டும் பர்மாவில் பணிபுரிந்தபோது சில படங்கள் எடுத்ததோடு சரி. 1870களில் ஓய்வு பெற்றுத் தாயகம் சென்று, சிப்பிகளையும் பவளங்களையும் சேகரித்துக்கொண்டு வாழ்ந்தார். 1902 மார்ச் 2ஆம் நாள், பிறந்த ஊராகிய டெவன்போர்ட்டிலேயே காலமானார்.

2014, 2015ஆம் ஆண்டுகளில் வாஷிங்டன், நியூயார்க், இலண்டன் நகரங்களில் அவர் படங்கள் தனிக் கண்காட்சியாக வைக்கப்பட்டன. அவர் மதுரைப் படங்களுள் ஒன்று, வைகையாற்றின் குறுக்கே தாழ்ந்து செல்லும் தரைப்பாலத்தையும் அக்கரையில் நகரையும் காட்டுவது. 1889இல் ஆல்பர்ட் விக்டர் பாலம் திறக்கப்படுவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன், ஆற்றைக் கடந்து மதுரைக்குள் மக்கள் புகுந்த வழி அது.