யார் இந்தக் கொலம்பா? அயோனா தீவின் கரித்துண்டு சொல்லும் கதை

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால், அட்லாண்டிக் கடலில் இருக்கிறது அயோனா. நீளம் சுமார் 5 கி.மீ.தான். இந்தக் குட்டித் தீவுக்கு இன்றும் யாத்ரீகர்கள் படகேறி வரக் காரணம், 1,400 ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன ஒரு துறவி.

காப்பி அடித்ததால் வந்த வினை?

கொலம்பா 521 வாக்கில் அயர்லாந்தில், அரச வம்சத்தில் பிறந்தவர். அரசியல் பக்கம் போகாமல் துறவியானார். புத்தகங்களைக் கையால் நகலெடுப்பதில் அவருக்கு அவ்வளவு ஆர்வம். குரு ஃபினியனின் சங்கீதப் புத்தகத்தை அனுமதி கேட்காமலே நகலெடுத்துவிட்டாராம். நகல் யாருக்குச் சொந்தம்? மன்னர் வரை போன பஞ்சாயத்தில் கொலம்பா தோற்றார், அதுவே போராக வெடித்தது என்கிறது மரபுக் கதை. காப்பிரைட் சண்டை அப்பவே இருந்திருக்கிறது!

ஆனால் இது பல நூற்றாண்டுகள் கழித்து விரிவாக எழுதப்பட்ட கதை. 561-ல் போர் நடந்ததும், 563-ல் கொலம்பா 12 பேருடன் கடல் கடந்ததும்தான் வரலாற்றில் உறுதியானவை.

அயோனாவில் 34 ஆண்டுகள்

தீவில் மரத்தால் தேவாலயமும் மடமும் எழுப்பினார். ஸ்காட்லாந்தில் கிறிஸ்தவம் பரவ அந்த மடம் முக்கிய மையமானது. 597 ஜூன் 9-ல் இறந்தார். கடைசி நாளிலும் சங்கீதம் ஒன்றை நகலெடுத்துக்கொண்டிருந்தார், பாதியில் நிறுத்தி, மீதியை இன்னொருவர் எழுதட்டும் என்று சொல்லிவிட்டார் என்கிறது அவரது வாழ்க்கை வரலாறு.

மிச்சம் என்ன?

795 முதல் வைக்கிங்குகள் தாக்கினார்கள். 806-ல் மட்டும் 68 பேர் கொல்லப்பட்டனர். இன்று தெரியும் கல் தேவாலயம் பிற்காலத்தில் கட்டப்பட்டது. கொலம்பா காலத்து மரக் கட்டடம் எதுவும் இப்போது நிற்கவில்லை. மடத்தைச் சுற்றியிருந்த மண் கரையின் தடம் மட்டும் இருக்கிறது.

கொலம்பா உயரமான இடத்தில் ஒரு குடிசையில் உட்கார்ந்து எழுதினார் என்று, அவர் இறந்து நூறு ஆண்டு கழித்து மடத்தலைவர் அடோம்னான் எழுதிவைத்தார். தேவாலயத்துக்கு எதிரே உள்ள பாறை மேடுதான் அது என ஊரில் சொல்வார்கள். 1957-ல் சார்லஸ் தாமஸ் குழு அங்கே தோண்டியபோது, எரிந்த குடிசையின் கரித்துண்டுகள் கிடைத்தன. அப்போது காலத்தைக் கணிக்க முடியவில்லை. பல ஆண்டுகள் அவை தாமஸ் வீட்டு கராஜில் கிடந்தன.

2017-ல் கிளாஸ்கோ பல்கலைக்கழகம் கார்பன் சோதனை முடிவை வெளியிட்டது: 540 முதல் 650-க்குள். குடிசையில் கொலம்பாவின் பெயர் எழுதியிருக்கவில்லைதான். ஆனால் அவர் வாழ்ந்த காலத்தோடு அது பொருந்திப்போகிறது.