இந்திரஜால வித்தகர் பி. ஸி. ஸர்க்கார்

சித்திரைத் திருவிழாவில் வைகை மணலிலே ஜனங்கள் கூடுங்காலத்து, முன்னாளில் செப்பிடு வித்தைக்காரன் ஒருவன் தவறாது வந்து துணி விரித்து அமர்வான். மூன்று சிறு செப்புகளும் சில உருண்டைகளுமே அவன் மூலதனம். கோச்சடையிலிருந்து கரையோரமாய் நடந்துசென்று அவ்வேடிக்கையைக் கண்டு மீண்ட சிறார் சிலர் இன்று நம் குடும்பங்களில் முதியோராய் விளங்குகின்றனர். கண்டு களித்தவர்கள் சில்லறைக் காசு எறிந்தனரேயன்றி, அவனுக்குத் தம் வீட்டுத் திண்ணையில் இடங்கொடுத்தாரில்லை. கைத்திறனால் பிழைப்பவனை இரவலனோடு சேர்த்தெண்ணும் வழக்கம் பாரததேச முழுவதும் பரவியிருந்தது. அங்ஙனம் தெருவில் கிடந்த வித்தையைக் கையிலெடுத்து, அதற்கு அரங்கும் மதிப்பும் தேடித் தந்தவர் வங்காளத்து ஸர்க்கார். நம் சங்கத்தார் தம் மக்களுக்கு இன்ன தொழிலே தகும், இன்னது தகாது என்று விதிக்க முற்படும் வேளையில் இவர் சரிதத்தை ஒருமுறை நினைத்தல் நலம் என்று கருதி இதனை எழுதலானோம்.

புரொதுல் சந்திர ஸர்க்கார் 1913-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 23-ஆம் தேதி, டாங்காயில் பகுதியைச் சேர்ந்த அஷெக்பூர் கிராமத்திலே பிறந்தார். அவ்வூர் இன்று வங்காளதேசத்தில் உள்ளது. பள்ளிப் பருவத்திலேயே ஜாலவித்தையில் மோகங்கொண்ட அவர், அக்காலத்தில் வங்காளத்தில் பெரும்பேர் பெற்றிருந்த கணபதி சக்கரவர்த்தி என்பாரைக் குருவாக வரித்தார். கணபதியார் சர்க்கஸ் கூடாரங்களில் ஆடி ஜனங்களை மயக்கியவர். படிப்பையும் ஸர்க்கார் கைவிட்டாரல்லர்; 1933-இல் கணிதத்தில் பட்டம் பெற்றார். அந்நாளில் பட்டதாரி என்றால் ஓர் உத்தியோகமும், நாற்காலியும், மாதச் சம்பளமும் என்றே ஊரார் பொருள் கொள்வர். அவரோ அந்த நாற்காலியை வேண்டாமென்று தள்ளி, வித்தையே ஜீவனம் எனத் துணிந்தார். இத்துணிவே அவர் செய்த முதல் ஜாலம் என்பேம்.

தம் பெயரை ஆங்கிலத்தில் எழுதுங்கால் எழுத்துக்களைச் சிறிது மாற்றி, மந்திரவாதியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் ஒலி அதில் தோன்றுமாறு அமைத்துக்கொண்டார். நம்மவர்க்கோ சர்க்கார் என்றாலே துரைத்தனந்தான் நினைவுக்கு வரும். அதற்கேற்ப ஒரு நிகழ்ச்சியும் சொல்லப்படுவதுண்டு. பஸ்லுல் ஹக் வங்காளத்தின் முதன் மந்திரியாயிருந்த காலத்தில், ஸர்க்காரின் வேண்டுகோளுக்கிணங்கி அவர் ஒரு காகிதத்தில் சில வரிகள் எழுத, உடனிருந்த மந்திரிமார் அதன்கீழ்க் கையொப்பமிட்டனராம். பின்னர் அதைப் படித்தபோது, தாம் யாவரும் பதவியைத் துறந்து விட்டதாகவும், இனி வித்தைக்காரரே முதன் மந்திரி என்றும் அதிற் கண்டிருந்ததாம்! மறுநாள் பத்திரிகைகள் அதைக் கொண்டாடின என்பர்.

மேனாட்டு வித்தைக்காரர் பலர் நெடுங்காலமாக நம் நாட்டு உடையையும் பெயரையும் இரவல் வாங்கி மேடையேறி வந்தனர். ஸர்க்கார் அவ்விரவலைத் திரும்பப் பெற்றார். சிறகு செருகிய தலைப்பாகையும் பளபளக்கும் நீண்ட அங்கியுமாக ஒரு மகாராஜாவைப்போல் தோன்றி, திரைகளும் விளக்கொளியும் வாத்தியமும் பெருங்கூட்டமான துணைவருமாக, இந்திரஜாலம் என்ற பெயரிலேயே காட்சி நடத்தினார். கண்களைக் கட்டிக்கொண்டே கரும்பலகையில் எழுதியதைப் படிப்பதும், நெரிசலான வீதியில் சைக்கிள் ஓட்டுவதும் அவருக்குப் பெரும்புகழ் தந்தன. காட்சியின் இடையிடையே ஒரு கலயத்து நீரைக் கொட்டிக் காலியாக்குவார். சிறிது நேரங்கழித்து அதே கலயத்திலிருந்து மீண்டும் நீர் விழும். இந்திய நீர் என்பது அதன் பெயர். உள்ளே மறைந்த ஓர் அறையும், விரலால் மூடித் திறக்கும் சிறு துவாரமும், காற்றின் அழுத்தமுமே இத்தகைய கலயங்களின் சூக்ஷுமம். பள்ளிக்கூடத்துச் சிறுவனும் விளங்கிக்கொள்ளக் கூடியது. ஆயினும் அரங்கிலிருப்போர் ஒவ்வொரு முறையும் வியந்தனர்.

அவர் வாழ்வில் தலையாய நிகழ்ச்சி 1956-ஆம் வருஷம் ஏப்ரல் 9-ஆம் தேதி இரவு லண்டனில் நடந்தது. பெண்ணொருத்தியை இரண்டாக அறுக்கும் வித்தையை 1921-லேயே ஸெல்பிட் என்னும் ஆங்கிலேயர் அந்நகரில் காட்டியிருந்தார். ஆயின் அதில் பெண் பெட்டிக்குள் மறைந்திருப்பாள். ஸர்க்கார் பெட்டியே இன்றிச் செய்தார். பி.பி.ஸி.யின் பனோரமா என்னும் தொலைக்காட்சி நிகழ்ச்சியிலே, பதினேழு வயதுத் துணைப்பெண்ணை மேசைமேற் கிடத்தி, சுழலும் ரம்பத்தை அவள் இடையிலே இறக்கினார். அறுபட்டமைக்குச் சான்றாக ஒரு தகட்டையும் இடையூடே செலுத்திக் காட்டினார். பின்னர் அவளை எழுப்ப முயன்றார், கைகளைத் தேய்த்தார், அவள் அசையவில்லை. தலையை அசைத்துவிட்டு, அவள் முகத்தைத் துணியால் மூடினார். அக்கணமே நிகழ்ச்சியை நடத்துபவராகிய ரிச்சர்ட் டிம்பிள்பி முன்வந்து விடைகூற, காட்சி முடிந்தது.

வீடுகளில் இருந்து பார்த்தோர் பதறினர். கொலையே நடந்துவிட்டதென்று அஞ்சிப் பலர் ஒரே சமயத்தில் நிலையத்தாரைத் தொலைபேசியில் அழைக்க, அங்கே பதில் சொல்லி மாளவில்லை. நேரம் கடந்துவிட்டமையால் காட்சியை நிறுத்த நேர்ந்ததென்றும், பெண் சுகமாயிருக்கிறாள் என்றும் நிலையத்தார் அறிவித்தனர். மறுநாள் பத்திரிகைகளின் முதற்பக்கமெல்லாம் இதே பேச்சு. ட்யூக் ஆஃப் யார்க் அரங்கில் அவர் நடத்தவிருந்த காட்சிகளுக்குச் சீட்டுகள் விற்றுத் தீர்ந்தன. நொடி பிசகாது காட்சி நடத்தும் மனிதருக்கு அன்றுமட்டும் நேரம் தவறியது எங்ஙனம் என்று கேட்டவர் உண்டு. கணிதப் பட்டதாரியின் கணக்கு தவறவில்லை என்பதே எம் துணிபு.

குறை கூறியோரும் இருந்தனர். உலகிலேயே தலைசிறந்த வித்தைக்காரன் என்று அவர் தமக்குத் தாமே பட்டஞ் சூட்டி விளம்பரப்படுத்தியது சக வித்தைக்காரர் பலருக்குப் பொறுக்கவில்லை. நம் முன்னோரும் தற்புகழ்ச்சியைக் குற்றமென்றே வைத்தனர். யாமும் அதைப் புகழ்வதற்கில்லை. எனினும் தெருவில் துணி விரித்தவன் மரபில் வந்தவனைப் பிறர் தாமாக அரியணையேற்றுவர் என்று காத்திருந்தால் அவர் ஆயுள் போதாது. ஜெர்மனியில் காலாநாக் என்று இந்தியப் பெயர் பூண்டு ஆடிவந்த ஹெல்முட் ஷ்ரைபர் என்பார், தம் வித்தைகளை ஸர்க்கார் களவாடினார் என்று 1955-இல் குற்றஞ்சாட்டினார். அவர் வித்தைகளும் பிறரிடமிருந்து வந்தவையே என்று ஸர்க்காரின் சார்பாய் வேறு சிலர் எழுதினர். கருநாகம் என்று நம் மொழிப்பெயரை எடுத்துக்கொண்டவர் களவைப்பற்றிப் பேசியது வேடிக்கையே.

எமக்கு மிகவும் உகந்த செய்தி வேறு. குருவின் காதோடு மறைந்துபோகும் வித்தையை அவர் வங்காளி, ஹிந்தி, ஆங்கிலம் ஆகிய மொழிகளில் நூல்களாக எழுதி வைத்தார். சிதறிக் கிடந்த வித்தைக்காரரை ஒன்றுகூட்டி அகில இந்திய மாஜிக் வட்டம் என்னும் சங்கத்தையும் நிறுவினார். 1964-இல் இந்திய அரசாங்கம் பத்மஸ்ரீ விருதளித்தது.

1970-ஆம் வருஷ இறுதியில், உடல்நிலை கருதி மருத்துவர் தடுத்தும் கேளாமல், தம் குழுவினருடன் ஜப்பானுக்குச் சென்றார். பனி மூடிய ஹொக்கைடோ தீவிலே, 1971-ஆம் வருஷம் ஜனவரி 6-ஆம் தேதி மாரடைப்பால் உயிர் நீத்தார்; வயது 57. மூன்று புதல்வருள் மூத்தவர் மாணிக் பின்னர் அமெரிக்காவில் ஒளிக்கலையில் பேர் பெற்றார். இளையவர் பிரபாஸும் ஜாலவித்தையையே மேற்கொண்டார். நடுப்புதல்வர் பிரதீப், தந்தை ஒப்புக்கொண்டிருந்த காட்சிகள் நின்றுபோகாவண்ணம் ஜப்பானுக்குச் சென்று, அதே அங்கியும் தலைப்பாகையும் பூண்டு மேடையேறினார்.