எப்பிங், உட்ஃபோர்ட் தொகுதிகளில் வின்ஸ்டன் சர்ச்சில்

வின்ஸ்டன் சர்ச்சில் (நவம்பர் 30, 1874 - ஜனவரி 24, 1965) 1940 முதல் 1945 வரையிலும், பின்னர் 1951 முதல் 1955 வரையிலும் ஐக்கிய இராச்சியத்தின் பிரதமராகப் பதவி வகித்தவர் ஆவார். 1924 முதல் 1964 வரை நாற்பது ஆண்டுகள் இவர் இலண்டனின் வடகிழக்கே எசெக்ஸ் மாவட்டத்தில் அமைந்த புறநகர்ப் பகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். இப்பகுதி முதலில் எப்பிங் தொகுதி எனவும், இவருடைய பகுதி 1945 முதல் உட்ஃபோர்ட் தொகுதி எனவும் அழைக்கப்பட்டது. சர்ச்சிலின் போர்க்காலத் தலைமை பற்றி எழுதப்பட்ட அளவுக்கு அவரது தொகுதி பற்றி எழுதப்படவில்லை. எனினும், அவர் பிரதமராவதற்கு ஒன்றரை ஆண்டுகளுக்கு முன்பு அவரது அரசியல் வாழ்வு முடிந்துவிடக்கூடிய நிலை இத்தொகுதியில்தான் ஏற்பட்டது.

எப்பிங்குக்கு முன்

சர்ச்சில் ஆக்ஸ்போர்டுசயரில் உள்ள பிளெனம் அரண்மனையில் பிறந்தார். தந்தை ராண்டால்ஃப் சர்ச்சில் நிதியமைச்சராக இருந்தவர். இராணுவப் பணிக்கும் போர்ச் செய்தியாளர் பணிக்கும் பின்னர், 1900 இல் ஓல்டம் தொகுதியில் பழமைவாதக் கட்சியின் சார்பில் முதன்முறையாக நாடாளுமன்றத்துக்குத் தெரிவானார். 1904 இல் லிபரல் கட்சிக்கு மாறினார். 1906 இல் மான்செஸ்டர் வடமேற்கில் வென்றார். 1908 இல் அங்கு நடந்த இடைத்தேர்தலில் தோற்று, அதே ஆண்டில் இசுக்காட்லாந்தின் டண்டீ தொகுதிக்குச் சென்றார்.

டண்டீயில் 14 ஆண்டுகள் உறுப்பினராக இருந்த பின், 1922 இல் மதுவிலக்குக் கொள்கையாளரான எட்வின் இசுக்ரிம்ஜரிடம் தோல்வியடைந்தார். குடல்வால் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டதால் அத்தேர்தலில் அவரால் முழுமையாகப் பரப்புரை செய்ய முடியவில்லை. 1923 இல் லெஸ்டர் மேற்கிலும் தோற்றார். 1924 மார்ச்சில் வெஸ்ட்மின்ஸ்டர் ஏபி இடைத்தேர்தலில் கட்சி சாராமல் போட்டியிட்டு, வெறும் 43 வாக்குகளில் வெற்றியை இழந்தார். மூன்று தொடர் தோல்விகளுக்குப் பின், ஐம்பது வயதை நெருங்கிய நிலையில், கட்சியும் தொகுதியும் இல்லாதவராக இருந்தார்.

எப்பிங் தொகுதி

எப்பிங் அக்காலத்தில் பாதி நாட்டுப்புறமாகவும் பாதி புறநகராகவும் இருந்தது. எப்பிங், வால்தம் ஏபி போன்ற பழைய சந்தை ஊர்களுடன், இலண்டனுக்குத் தொடர்வண்டியில் வேலைக்குச் செல்வோர் குடியேறிய உட்ஃபோர்ட், வான்ஸ்டெட், பக்கர்ஸ்ட் இல் ஆகியவையும் இதில் அடங்கியிருந்தன. சொந்த வீடும் அலுவலக வேலையும் கொண்ட நடுத்தர வகுப்பினர் மிகுந்திருந்ததால் தொழிற்கட்சிக்கு இங்கு வலுவில்லை. சோசலிசத்தை எதிர்ப்பதையே தன் முதன்மைக் கொள்கையாகக் கொண்டிருந்த சர்ச்சிலுக்கு இதைவிடப் பொருத்தமான தொகுதி கிடைத்திருக்க முடியாது. ஆனால் அவர் ஒருபோதும் இங்கு குடியிருந்ததில்லை. 1922 இல் வாங்கிய கென்ட் மாவட்டத்துச் சார்ட்வெல் இல்லமே அவரது வீடாக இருந்தது.

1924 அக்டோபர் தேர்தலில் பழமைவாதக் கட்சியின் ஆதரவுடன் அரசியலமைப்புவாதி என்ற அடையாளத்தில் நின்று 19,843 வாக்குகள் பெற்றார். லிபரல் வேட்பாளர் கிரான்வில் சார்ப்பை விட இது 9,763 அதிகமாகும். உடனே பிரதமர் பால்ட்வின் அவரை நிதியமைச்சர் ஆக்கினார். மறு ஆண்டில் பவுண்டை மீண்டும் தங்கத்துடன் இணைத்த சர்ச்சிலின் முடிவு ஏற்றுமதித் தொழில்களைப் பாதித்ததாகப் பின்னர் பெரிதும் குறைகூறப்பட்டது.

1929 தேர்தலில் அவரது நிலை தளர்ந்தது. சர்ச்சில் 23,972 வாக்குகளும் சார்ப் 19,005 வாக்குகளும் பெற்றனர். தொழிற்கட்சி வேட்பாளரின் 6,472 வாக்குகளைச் சேர்த்தால், எதிர்த்து நின்றோர் பெற்ற வாக்குகளே அதிகம். எதிர்ப்பு பிளவுபட்டிருந்ததே அவரைக் காப்பாற்றியது எனலாம். 1931 இல் வித்தியாசம் 20,286 ஆகவும், 1935 இல் 20,419 ஆகவும் உயர்ந்தது. 1924 இல் இத்தொகுதியில் பதிவான வாக்குகள் சுமார் 34,000. 1935 இல் அவை 59,000 ஐத் தாண்டின. புறநகர் எவ்வளவு விரைவாக வளர்ந்தது என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன.

இந்தியா பற்றிய நிலைப்பாடு

இந்தியாவுக்குத் தன்னாட்சி வழங்குவதை எதிர்த்து 1931 ஜனவரியில் சர்ச்சில் தன் கட்சியின் முன்னணிக் குழுவிலிருந்து விலகினார். இர்வின் பிரபுவுடன் பேச்சு நடத்திவந்த காந்தியை இழிவுபடுத்திய அவரது பேர்போன பேச்சு, அதே ஆண்டு பிப்ரவரி 23 அன்று தம் தொகுதிக் கட்சியினரான மேற்கு எசெக்ஸ் பழமைவாதிகளின் முன்னிலையில் நிகழ்த்தப்பட்டதாகும். கட்சித் தலைமை இதை விரும்பாவிட்டாலும் தொகுதியினர் அவரை விட்டு விலகவில்லை. அவர் கடுமையாக எதிர்த்த 1935 ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் நிறைவேறியது. சென்னை மாகாணத்தில் 1937 இல் இராஜாஜி அமைத்த அமைச்சரவை அச்சட்டத்தின்படி அமைந்ததே.

1938-39 நெருக்கடி

இந்தியா பற்றிய கருத்து வேறுபாட்டைப் பொறுத்துக்கொண்ட தொகுதிக் கட்சியினர், மியூனிக் உடன்பாட்டின்போது பொறுமையிழந்தனர். 1938 அக்டோபர் 5 அன்று சர்ச்சில் நாடாளுமன்றத்தில் அவ்வுடன்பாட்டை முழுத் தோல்வி என்று கண்டித்தார். போர் தவிர்க்கப்பட்டதாக நம்பி நிம்மதியடைந்திருந்த புறநகர் மக்கள் பலருக்கு இது தம் பிரதமர் சேம்பர்லினுக்கு இழைத்த துரோகமாகத் தோன்றியது. தொகுதிச் சங்க நிர்வாகிகளுள் ஒருவரான கொலின் தோர்ன்டன்-கெம்ஸ்லி எதிர்ப்புக்குத் தலைமை ஏற்றார். சங்கத்தின் தலைவர் ஜேம்ஸ் ஹாக்கி சர்ச்சில் பக்கம் நின்றார்.

நவம்பர் 4 அன்று நடந்த கூட்டத்தில் சர்ச்சிலுக்கு ஆதரவாக 100 பேரும் எதிராக 44 பேரும் வாக்களித்தனர். ஆதரவு கிடைக்காவிடில் பதவி விலகி இடைத்தேர்தலில் நிற்கவும் அவர் ஆயத்தமாக இருந்தார். இது எத்தகைய இடர் என்பது அடுத்த மாதமே தெரிந்தது: இதே காரணத்துக்காகப் பதவி விலகி இசுக்காட்லாந்தில் இடைத்தேர்தலைச் சந்தித்த அத்தோல் கோமகள், அதிகாரபூர்வ பழமைவாத வேட்பாளரிடம் தோற்றார்.

1939 மார்ச்சில் தோர்ன்டன்-கெம்ஸ்லி மீண்டும் தாக்குதலைத் தொடங்கினார். மார்ச் 14 அன்று வால்தம் ஏபியில் பேசிய சர்ச்சில், உறுப்பினர் தம் மனச்சான்றின்படி பேசக் கடமைப்பட்டவர் என்ற கருத்தை முன்வைத்துத் தம்மைத் தற்காத்துக்கொண்டார். மறுநாள் ஹிட்லரின் படைகள் பிராகாவில் நுழைந்தன. அதன்பின் எதிர்ப்பு அடங்கியது. தோர்ன்டன்-கெம்ஸ்லி அம்மாத இறுதியில் வேறொரு தொகுதியில் வென்று நாடாளுமன்றம் சென்றார். போர் தொடங்கியதும் படை முகாமிலிருந்து வருத்தம் தெரிவித்துச் சர்ச்சிலுக்கு மடல் எழுதினார். சர்ச்சில் அதைப் பெருந்தன்மையுடன் ஏற்றுக்கொண்டார்.

உட்ஃபோர்ட் தொகுதி

வாக்காளர் எண்ணிக்கை மிகப் பெருகிவிட்டதால் 1945 தேர்தலுக்கு முன் எப்பிங் தொகுதி பிரிக்கப்பட்டது. சர்ச்சில் புதிய உட்ஃபோர்ட் தொகுதியைத் தேர்ந்தெடுத்தார். பிரதமர் என்ற மதிப்பில் தொழிற்கட்சியும் லிபரல் கட்சியும் அங்கு வேட்பாளரை நிறுத்தவில்லை. அவ்வாறிருந்தும், அதுவரை அதிகம் அறியப்படாத அலெக்சாந்தர் ஹான்காக் என்ற சுயேச்சை 10,488 வாக்குகள் பெற்றார். சர்ச்சில் பெற்றவை 27,688. வெற்றி வீரர் எனப் போற்றப்பட்டவரின் சொந்தத் தொகுதியிலேயே நான்கில் ஒருவருக்கு மேல் அவருக்கு எதிராக வாக்களித்தமை, நாடு முழுவதும் வீசிய மாற்றத்தின் காற்றை உணர்த்தியது. எஞ்சிய எப்பிங் தொகுதியைத் தொழிற்கட்சியின் லியா மானிங் கைப்பற்றினார். நாடளவில் தோற்ற சர்ச்சில் பிரதமர் பதவியை இழந்தார்.

1950 இல் 18,499, 1951 இல் 18,579 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். 1950 முதல் தொழிற்கட்சித் தலைவர் அட்லியும் அருகிலுள்ள வால்தம்ஸ்டோ மேற்குத் தொகுதியில் நின்றதால், இரு தலைவர்களின் தொகுதிகளும் எசெக்ஸின் ஒரே மூலையில் அமைந்திருந்தன. 1955 இல் தொகுதி எல்லை சுருக்கப்பட்டது. சர்ச்சிலின் வாக்குகள் 25,069 ஆகக் குறைந்தன. அதற்குச் சற்று முன்னரே அவர் பிரதமர் பதவியிலிருந்து விலகியிருந்தார். 1959 அக்டோபரில், 84 ஆம் வயதில், கடைசி முறையாக நின்று 14,797 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். தொடர்ச்சியாக நீண்டகாலம் பணியாற்றிய உறுப்பினர் என்ற முறையில் அவையின் தந்தை என்ற சிறப்பையும் அப்போது பெற்றார். இத்தொடர்ச்சி 1900 இலிருந்து அன்றி, எப்பிங்கில் வென்ற 1924 இலிருந்தே கணக்கிடப்பட்டது.

அதே மாதம் 31 ஆம் நாள், டேவிட் மெக்ஃபால் வடித்த சர்ச்சிலின் சிலையை உட்ஃபோர்ட் கிரீன் பகுதியில் பீல்டு மார்ஷல் மான்ட்கோமரி திறந்து வைத்தார். 1964 ஜூலையில் சர்ச்சில் கடைசியாக அவைக்கு வந்தார். அவ்வாண்டு அக்டோபர் தேர்தலில் பழமைவாதக் கட்சியின் பாட்ரிக் ஜென்கின், உட்ஃபோர்டுக்குப் பதிலாக அமைந்த வான்ஸ்டெட்-உட்ஃபோர்ட் தொகுதியின் உறுப்பினரானார்.