வேரில் மருந்து கண்ட டாக்டர் சலீமுஸ்ஸமான் சித்தீக்கி

கேமரன் மலைச் சரிவில் போ தேயிலைத் தோட்டம் 1929-ஆம் ஆண்டில் தொடங்கப் பெற்றது. அங்கே கிள்ளப்படும் கொழுந்து நமக்குச் சுறுசுறுப்புத் தருவதற்குக் காரணம், அதனுள் அடங்கியிருக்கும் காஃபீன் என்னும் சத்தாகும். இவ்வகைத் தாவரச் சத்துக்களை இரசாயன நூலார் ஆல்கலாய்டு என்பர். அத்தோட்டம் தோன்றிய அதே காலத்தில், டில்லி மாநகரில் ஓர் இளம் அறிஞர் வேறொரு செடியின் வேரிலிருந்து இத்தகைய சத்துக்களைப் பிரித்தெடுக்க முனைந்திருந்தார். அவரே டாக்டர் சலீமுஸ்ஸமான் சித்தீக்கி. அவருடைய வரலாற்றில் வணிகப் பெருமக்களுக்கும் ஒரு பங்குண்டு.

அன்னார் 1897-ஆம் ஆண்டு அக்டோபர் 19-ஆம் நாள் லக்னோவை அடுத்த பாராபங்கி மாவட்டத்தில் பிறந்தார். அலிகாரில் தத்துவமும் பார்சி மொழியும் கற்று 1919-இல் பட்டம் பெற்றார். மருத்துவம் பயில 1920-இல் லண்டன் சென்றவர், மறு ஆண்டே ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகருக்குப் போய் இரசாயனத்தில் புகுந்தார். ஜெர்மானிய நாணயம் மதிப்பிழந்து நாடே தத்தளித்த காலம் அது. அங்கேயே நிலைத்து நின்று, பேராசிரியர் யூலியஸ் பான் பிரவுனிடம் ஆராய்ச்சி செய்து 1927-இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

பட்டம் பெற்று வந்தவருக்கு வேலைக்களம் வேண்டுமே! அதை அமைத்துத் தர முன்வந்தவர் புகழ்பெற்ற யூனானி மருத்துவர் ஹக்கீம் அஜ்மல் கான். தம் மருந்தகத்தின் வருவாயைக் கொண்டு டில்லி திப்பியாக் கல்லூரியை வளர்த்தவர் அவர். முன்னோர் கையாண்ட மூலிகைகளைப் புதிய இரசாயன முறையில் சோதித்தறிய வேண்டும் என்பது அவருடைய பெருவிருப்பம். ஆயினும் 1927 டிசம்பரிலேயே ஹக்கீம் வபாத்தாகிவிட்டார். ஆதரித்தவர் மறைந்த பின்னும் சித்தீக்கி பணியைக் கைவிடவில்லை.

அவர் எடுத்துக்கொண்டது சர்ப்பகந்தி வேர். மனக் கலக்கத்துக்கும் உறக்கமின்மைக்கும் நாட்டு வைத்தியர் நெடுங்காலமாகக் கொடுத்து வந்த மருந்து அது. அதைப் பொடித்து, ஊறவைத்து, வடித்து, படிகமாகப் பிரித்துப் பிரித்து, 1931-இல் பல ஆல்கலாய்டுகளை வெளியிட்டார். இருதயத் துடிப்பை ஒழுங்குபடுத்தும் ஒன்றுக்கு, மறைந்த ஹக்கீமின் நினைவாக அஜ்மலீன் என்று பெயரிட்டார். மறைவாக நிற்கும் ஒருவகை இருதயக் கோளாற்றைக் கண்டறிய இன்றும் பல நாட்டு மருத்துவர்கள் அதனைப் பயன்படுத்துகின்றனர்.

ஆனால் ஒரு பெரும் பொருள் அவர் கைக்கு எட்டாமல் போயிற்று. இரத்தக் கொதிப்பைத் தணிக்கும் ரெசர்ப்பின் அதே வேரில்தான் இருந்தது. 1952-இல் சுவிட்சர்லாந்தின் சிபா கம்பெனியார் அதைப் பிரித்து உலகெங்கும் விற்றனர். மூலிகை நம்முடையது; முதல் முயற்சியும் நம் பக்கத்தது; முடிவான பலனோ அயலாரிடம் போயிற்று.

சித்தீக்கி சோர்ந்தாரில்லை. 1942-இல் வேம்பிலிருந்து நிம்பின் முதலிய கசப்புச் சத்துக்களைப் பிரித்துக் காட்டினார். 1951-இல் பாகிஸ்தானுக்குச் சென்று, அந்நாட்டு விஞ்ஞானத் தொழில் ஆராய்ச்சிக் கழகத்தை உருவாக்கினார். 1961-இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராக்கியது.

அரசுப் பணியினின்று ஓய்வு பெற்றபின் கராச்சிப் பல்கலைக்கழகத்தில் இரசாயன உயராய்வு நிலையம் ஒன்றைத் தொடங்கினார். ஆசை பெரிது, பணமோ சிறிது. அந்நிலையில் 1976-இல் வணிகர் லத்தீப் இப்ராஹீம் ஜமால் 50 லட்சம் ரூபாய் நன்கொடை அளித்தார். ஹுசைன் இப்ராஹீம் ஜமால் பெயரை அந்நிலையம் தாங்கிற்று. அங்கே ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்றோர் நூற்றுக்கணக்கானோர்.

1990 வரை அதன் இயக்குநராக இருந்த அன்னார், அதன்பின்னும் சோதனைச் சாலையை விட்டு விலகவில்லை. 1994 ஏப்ரல் 14-ஆம் நாள், 96-ஆம் வயதில் காலமானார்.

ஒரு மாணவன் டாக்டர் பட்டம் பெறச் சில ஆண்டுகள் போதும். அவன் அறிவு மருந்தாக மாறப் பல ஆண்டுகள் வேண்டும். அவ்விடைக்காலத்தில் தாங்கிப் பிடித்தவர்கள் ஒரு மருத்துவரும் ஒரு வணிகரும். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளையோ நம் கடைவீதிப் பிள்ளையோ நாளை இத்துறையில் நாட்டம் கொண்டு நம் வாசலில் வந்து நின்றால், பட்டம் பெறும் வரை மட்டுமா, பலன் காணும் வரையுமா துணை நிற்போம்? சங்கத்தார் கூடி எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வி இது.