கரிசல் மண்ணில் பிறந்து கப்பல் விட்டவர்

ஓட்டப்பிடாரம் கரிசல் பூமி. பருத்தியும் கம்பும் விளையும் ஊர். அங்கே கடல் இல்லை. அந்த ஊரில்தான் 1872-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி வ. உ. சிதம்பரம் பிள்ளை பிறந்தார். தந்தை உலகநாத பிள்ளை, வக்கீல். தாயார் பரமாயி அம்மாள்.

ஊரில் வீரப்பெருமாள் அண்ணாவி தமிழ் சொல்லிக் கொடுத்தார். மேற்கொண்டு படிக்கச் சிறுவன் சிதம்பரம், கடற்கரைப் பட்டினமான தூத்துக்குடிக்குப் போனான். சவேரியார் பள்ளி, கால்டுவெல் பள்ளி இரண்டிலும் படித்தான்.

பிறகு திருச்சியில் சட்டம் படித்து, தந்தையைப் போலவே வக்கீலானார்.

அந்நாளில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே வெள்ளையர் கம்பெனியின் கப்பல்களே ஓடின. அதை எதிர்த்து 1906-ல் சுதேசி கப்பல் கம்பெனியைத் தொடங்கினார், சிதம்பரம் பிள்ளை. மறு ஆண்டே "காலியா", "லாவோ" என்ற இரு கப்பல்கள் வந்தன. ஜனங்கள் மகிழ்ந்தார்கள். வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துப் போட்டி போட்டது.

1908-ல் அவரைக் கைது செய்தார்கள். ராஜத்துரோக வழக்கில் தண்டனை கிடைத்தது. சிறையில் செக்கு இழுத்தார். 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது கம்பெனியும் இல்லை, கப்பலும் இல்லை. வக்கீல் சன்னத்தும் பறிபோயிருந்தது. குடும்பத்தை வறுமை வாட்டியது.

1936 நவம்பர் 18-ந் தேதி, சிறுவனாகப் படிக்கப் போன அதே தூத்துக்குடியில் காலமானார். இன்று அந்தத் துறைமுகத்துக்கு அவர் பெயர்தான்!